பச்சைக்கல் அட்டிகையும் மூன்றாவது ஓலையும்

பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறியது "பாச்சை உருண்டை" நெடி. அது சற்று அடங்கியபின், அடியிலிருந்து ஈரக் காகிதமும் பழைய தோலும் கலந்த இன்னொரு வாசனை எழுந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறைத் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அந்த டிரங்குப் பெட்டியைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மிஷன் பங்களாவில் வெகுகாலம் இருந்த "துரைசானி" சொந்த ஊருக்குக் கப்பலேறுமுன் தன் சாமான்களைப் பெண்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். ஒருவருக்கு மேஜை விளக்கு கிடைத்தது, இன்னொருவருக்குப் பீங்கான் கோப்பைகள். எங்கள் எஸ்தர் சித்திக்குக் கிடைத்தது இந்தப் பெட்டி. உள்ளே அடுக்கடுக்காக இங்கிலீஷ் நாவல்கள்.

"இத வச்சி என்னட்டி செய்ய? அந்தப் பீங்கானக் கேட்டிருக்கலாம்லா?" என்றாள் அம்மா.

சித்தி அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டோடு இருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. ஊர்க் கணக்கில் அது "ஏறிப்போன" வயது. எனக்கு அப்போது பத்து. வீட்டுக்கு ஒரே பிள்ளையான எனக்குச் சித்திதான் கூட்டாளி, அவள் பாயில்தான் என் படுக்கை, அவள் தலைவாரி விட்டால்தான் எனக்குப் பின்னல் நேராக நிற்கும். அப்பா போலீஸில் ஏட்டு. தெருவே அவரை "ஏட்டையா" என்றுதான் கூப்பிட்டது.

அந்த நாவல்கள் எல்லாம் ஒரே காலத்துக் கதைகள். இங்கிலாந்து ராஜாவுக்குப் புத்தி பேதலித்துப் போனதால், அவர் உயிரோடு இருக்கும்போதே மகன் ராஜ்யபாரம் பார்த்த நாட்கள் அவை என்று சித்தி விளக்குவாள். பிரபுக்களும் சாரட்டு வண்டிகளும் வேட்டை நாய்களும் வரும். சொத்தில்லாத, ஆனால் புத்தியும் கொஞ்சம் வாய்த்துடுக்கும் உள்ள ஒரு பெண் வருவாள். அவளுக்கும் ஒரு பிரபுவுக்கும் மெல்ல மெல்ல மனம் ஒட்டும். ஆனால் அந்தப் பிரபுவின் மேல் ஏதாவது ஒரு பழி இருக்கும், இல்லையென்றால் மாளிகையில் விலையுயர்ந்த பொருள் ஏதாவது காணாமல் போயிருக்கும், அந்த மர்மம் துலங்கினால்தான் கல்யாணம். காதல் கதை என்றதும் அப்பா முகத்தைச் சுளித்து, இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொண்டுபோய்ப் போதகரிடம் காட்டினார். போதகர் கொஞ்ச நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். "தப்பா ஒண்ணும் இல்ல ஏட்டையா. கடைசிப் பக்கத்துல கையில முத்தம் குடுக்கான், அம்புட்டுத்தான்," என்று சொன்னவர், அப்பா கிளம்பும் சமயத்தில், "வேற புத்தகம் இருந்தாலும் குடுத்தனுப்புங்க," என்றாராம்.

அது புளி உடைக்கிற காலம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் அம்மா சாக்கை விரித்துப் புளியைக் கொட்டுவாள். பக்கத்து வீட்டு ராஜு குடும்பத்துச் சுப்பம்மாவும் தன் அரிவாள்மணையோடு வந்துவிடுவார். தெலுங்கு பேசுகிறவர், நான் அவரைப் "பெத்தம்மா" என்பேன். அவர்கள் கொட்டை எடுக்க, சித்தி சுவரில் சாய்ந்து, ஒரு பத்தியை மனசுக்குள் வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி அதைத் தமிழில் சொல்லுவாள். ஆணும் பெண்ணும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆடும் நடன விருந்து வந்தபோது அம்மா புளியைக் கீழே போட்டுவிட்டதைப் பார்த்து, அன்று முதல் சித்தி எல்லா நடனத்தையும் "கோலாட்டம்" ஆக்கிவிட்டாள். ஆகவே என் மனதில் வெகுநாள் வரைக்கும் இங்கிலாந்துப் பிரபுக்கள் கையில் ஆளுக்கொரு ஜோடிக் குச்சியோடுதான் நின்றார்கள். பிரபுவின் வேட்டை நாய் வெள்ளையாக, உயரமாக, ஒட்டிய வயிறோடு இருந்தது என்று சித்தி சொன்னதும் சுப்பம்மா பெத்தம்மா கொல்லையில் கட்டியிருந்த தன் நாயைக் காட்டி, "மன குக்கதான், நம்ம நாய்தான் அது. யாரோ இங்கருந்து கப்பல்ல ஏத்திட்டுப் போயிருக்கான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அப்பா எங்களோடு உட்காரமாட்டார். பெல்ட்டின் பித்தளையைத் துலக்குகிற சாக்கில் உள் நடையில் இருந்துகொண்டு, காதல் பேச்சு வரும்போது இருமுவார். மர்மம் வரும்போது துலக்குவது நின்றுவிடும்.

அந்தக் கோடை முழுவதும் எங்களைப் பிடித்து வைத்திருந்தது ஒரு தடித்த புத்தகம். அதில் எட்மண்டு என்று ஒரு பிரபு. அவருக்கு நிச்சயமான பெண் கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள் காணாமல் போகிறாள். அவளோடு குடும்பத்துப் பச்சைக்கல் அட்டிகையும் காணாமல் போகிறது. அவளைக் கொன்று புதைத்துவிட்டார் என்று ஊர் பேசுகிறது. பிரபு வாயே திறப்பதில்லை. சில வருஷம் கழித்து, ஒரு பெரிய வீட்டு அம்மாளுக்குத் துணையாக வந்த லாரா என்கிற ஏழைப் பெண்ணுக்கும் பிரபுவுக்கும் பழக்கமாகிறது; அவளோ ஊர்ப் பேச்சை அப்படியே நம்பாமல், நடந்தது என்ன என்று தானே தேடத் தொடங்குகிறாள்.

"மொதல்ல வேலக்காரங்களத் தனித்தனியா விசாரிக்கணும். இந்தப் புள்ள எல்லாரையும் ஒண்ணா வச்சிக் கேக்கா," என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வரும்.

"அந்தப் பிரபு பாவம். மொகத்தப் பாத்தாலே தெரியல?" என்பாள் அம்மா, ஏதோ அவர் முகத்தைப் பார்த்தவள் போல.

"வத்து, வத்து! அவன நம்பாத!" என்பார் பெத்தம்மா. வேண்டாம் என்பதற்கு அவர் தெலுங்கில் சொல்லும் சொல் அது.

கதை பாதியைத் தாண்டியிருக்கும், ஈஸ்டருக்குப் பிறகு சித்தியைப் பெண் கேட்டு வத்திராயிருப்பிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளை பெயர் தேவசகாயம், ஸ்ரீவில்லிபுத்தூர் "மாட்டாஸ்பத்திரி"யில் கம்பவுண்டர். வத்திராயிருப்பில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் உண்டு; தகப்பனார் இறந்தபின் அவற்றைக் கட்டி ஆண்டுவந்தவர் அவருடைய அம்மா. இரண்டு பேருமாகப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். தோப்பைப் பற்றி, கிணற்றைப் பற்றி, மகனின் குணத்தைப் பற்றி. மகன் காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பெத்தம்மாவின் நாய் நொண்டிக்கொண்டு போனதைக் கண்டதும் எழுந்துபோய் அதன் காலை மடியில் வைத்து முள்ளை எடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து பழையபடி உட்கார்ந்தார். அவர் பேசி நாங்கள் கேட்டது, கை கழுவத் தண்ணீர் எங்கே என்று என்னிடம் கேட்ட அந்த ஒன்றுதான்.

அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு அதைவிடப் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக்காரர்கள் உள்ள ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

எங்கள் சபைகளில் கல்யாணம் நிச்சயமானால் "ஓலை" வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டானால் தெரிவிக்கலாம் என்று, மாப்பிள்ளை சபையிலும் பெண் சபையிலும் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசிப்பார். தேவசகாயத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பெண்ணை நிச்சயம் செய்து ஓலையும் வாசித்திருக்கிறார்கள். முதல் வாரம் வாசித்தாயிற்று, இரண்டாவது வாரமும் வாசித்தாயிற்று, மூன்றாவது வாரம் வாசிக்கவில்லை. ஏன் என்று அன்றுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை குடிகாரர் என்று சிலர் சொன்னார்கள். சிலோனில் ஏற்கனவே ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். அவரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாராம்.

அப்பா கோர்ட்டு டியூட்டிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, தன் பாணியில் விசாரித்துவிட்டு வந்தார். "கேசு கீசு ஒண்ணும் கிடையாது. கள்ளுக்கடப் பக்கம் பாத்த ஆளும் இல்ல. ஆனா காரணம் இல்லாம ஓலை நிக்காது. இது நமக்கு வேண்டாம்."

அன்று மத்தியானம் தாழ்வாரத்தில் புளி இருந்தது, பெத்தம்மா இருந்தார், புத்தகமும் இருந்தது. சித்தி அதை எடுத்து, அடையாளம் வைத்த பக்கத்தைத் திறந்து, கொஞ்சம் பார்த்துவிட்டு மூடினாள். "இன்னைக்கி வேண்டாம். இத முடிச்சிட்டோம்னா மாப்பிள்ள விசயமும் இப்பிடித்தான் இருக்கும்னு மனசுக்குத் தோணிரும்," என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "அக்கா, நான் போய் அந்தப் பொண்ணையே கேட்டுட்டு வந்துருதேன்," என்றாள்.

"எந்தப் பொண்ணட்டி?"

"ஓலை நின்னு போச்சே, அந்தப் பொண்ண."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெண்பிள்ளை போய் அப்படிக் கேட்கலாமா, ஊர் என்ன சொல்லும், இதெல்லாம் அந்தப் புத்தகம் படித்ததால் வந்த வினை. சித்தி அப்பா பக்கம் திரும்பினாள். "வேண்டாம்னு சொல்லதா இருந்தாலும் உண்மை தெரிஞ்சி சொல்லணும்லா அத்தான்?" என்று கேட்டாள். விசாரணை என்று வந்துவிட்டால் அப்பாவுக்கு அதை மறுக்க மனம் வராது. "பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ," என்றார்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். என் கணக்கில் தேவசகாயம் கொலைகாரர். நல்ல மனிதன் எதற்கு வாய் திறக்காமல் இருக்க வேண்டும்? அவர் கெட்டவராக இருந்தால் சித்தி என்னைவிட்டுப் போகமாட்டாள் என்கிற ஆசையும் உள்ளே இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ஞானம்மாள். மடவார் வளாகம் என்ற பகுதியில், ஓட்டு வீட்டில் தன் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். நாங்கள் போனபோது, மெத்தைபோன்ற ஒரு திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னிக்கொண்டிருந்தார். வெளுத்த, அமைதியான முகம். சித்தி உட்கார்ந்ததும் சுற்றி வளைக்கவில்லை.

"நான் ராஜபாளையம் பள்ளிக்கூடத்துல டீச்சர், எம் பேரு எஸ்தர். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வீட்டுல என்னயப் பொண்ணு கேட்டிருக்காக. ஒங்களுக்குச் சொல்ல இஷ்டம் இல்லன்னா நான் இப்பிடியே எந்திரிச்சிப் போயிருதேன்."

ஞானம்மாளின் கை நிற்கவில்லை. "ஊருல என்ன சொல்லுதாக?"

"குடின்னு சொல்லுதாக. சிலோன்ல ஒரு பொண்டாட்டி இருக்குன்னு சொல்லுதாக."

"சிலோனா? அவிய மதுரையத் தாண்டிப் போனது கிடையாதே," என்று ஞானம்மாள் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ள வாசல்ல வெளையாடட்டுமே."

"இவ சொல்ல மாட்டா," என்றாள் சித்தி.

என்னை யாரும் அதுவரை அப்படி நம்பியதில்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞானம்மாளுக்குச் சிறு வயது முதல் வலிப்பு உண்டு. வருஷத்தில் எப்போதாவது வரும். மாப்பிள்ளை வீட்டாரிடம் அதை மறைத்துத்தான் அவருடைய அண்ணன் சம்பந்தம் பேசியிருந்தார். மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், கல்யாணச் சேலையைக் காட்டுவதற்காகத் தேவசகாயத்தின் அம்மா வந்திருந்த நேரத்தில், அவர் கண் முன்னாலேயே வலிப்பு வந்துவிட்டது. மறுநாள் ஓலை வாசிக்கவில்லை.

"மறைச்சது எங்க வீட்டுத் தப்புத்தான். ஆனா அவிய ஒரு வார்த்த, இவளத்தான் கெட்டுவேன்னு சொல்லுவாகன்னு நெனச்சேன். சொல்லல. அம்மா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசத் தெரியாத மனுசன்." ஞானம்மாள் ஒரு குச்சியை எடுத்து நூலைத் தளர்த்தினார். "ஆனா இந்தத் தெருவுல இன்னைக்கி வரைக்கும் ஒரு ஆளுக்கும் எஞ் சீக்கு தெரியாது. அந்தம்மா வாயி சும்மா கெடக்கிற வாயா? அவியதான் எப்பிடியோ அடக்கி வச்சிருக்கணும். தெரிஞ்சா என்னய யாரும் கெட்ட மாட்டான், எங்கண்ணன் மகளுக்குங்கூட மாப்பிள்ள வராது. ஊரு அவியளக் குடிகாரன்னு சொல்லிச்சி. அதுக்கும் வாயத் தொறக்கல."

சித்தி ஞானம்மாளின் பக்கம் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லவருங்கீகளா?" என்று கேட்டாள்.

"எனக்குச் சொல்லத் தெரியல டீச்சர். எனக்குக் கோவம் இன்னும் போகல. ஆனா நீங்க பொய்யக் கேட்டு வேண்டாம்னு சொல்லிரக் கூடாது, அதுக்குத்தான் சொன்னேன்."

இது நம் மூன்று பேரைத் தாண்டிப் போகாது என்று சித்தி சொன்னாள். ஞானம்மாள் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

அங்கிருந்து பஸ்ஸுக்குப் போவோம் என்று நினைத்தேன். சித்தி நேராக மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். தேவசகாயம் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஒரு காளையின் வாயைப் பிளந்து மூங்கில் குழாயால் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பாதி மருந்து அவர் சட்டையில் கொட்டியது. காளைக்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்வரை சித்தி ஒதுங்கி நின்றாள். பிறகு கிட்டே போனாள்.

"ஞானம்மாளப் பாத்துட்டு வாரேன்."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "சுகமா இருக்காகளா?" என்றார்.

"இருக்காக. எனக்கு ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். என் விசயத்துலயும் மூணாவது வாரம் ஒங்க அம்மா வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீக?"

அவர் சட்டையில் கொட்டிய மருந்தைத் துண்டால் துடைத்தார். ஈ மொய்த்துக்கொண்டிருந்த ஒரு பசு வாலை வீசியது.

"தெரியல," என்றார்.

"தெரியலயா?"

"பேசணும்னு நெனப்பேன். அன்னைக்கும் நெனச்சேன். வாய் வருமான்னு தெரியல. வரும்னு ஒங்கள்ட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு பாக்கேன்."

சித்தி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். வகுப்பில் கரும்பலகை முன் நிற்கும்போது அவள் செய்வது அது. "கல்யாணத்துக்குப் பொறவும் நான் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துவேன். இத ஒங்க அம்மாட்ட நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், எங்க அத்தானும் சொல்ல மாட்டாக. சொல்லிட்டு ஆள் அனுப்புங்க. சொல்ல முடியலன்னா அனுப்ப வேண்டாம். நான் ஒண்ணும் நெனச்சிக்கிட மாட்டேன்."

திரும்பும் பஸ்ஸில், "கதையில பிரபு இப்பிடித் தெரியலன்னு சொல்ல மாட்டாரு சித்தி," என்றேன்.

"அவருக்கென்ன? கதையில அவருக்கு அம்மா கிடையாதுல்லா," என்றாள் சித்தி.

வீட்டில் அவள் சொன்னது இவ்வளவுதான்: குடி இல்லை, சிலோன் இல்லை, மாப்பிள்ளை மேல் குற்றம் என்று எதுவும் இல்லை, அதற்கு மேல் கேட்க வேண்டாம். அப்பா விடுவாரா? அடுத்த நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, நாங்கள் வாங்கி வந்த பால்கோவாவிலேயே ஒரு விள்ளல் எடுத்துக் கையில் வைத்து, "ஏட்டி, அந்தப் பொம்பள என்ன சொன்னா?" என்றார். "லேஸ் பின்னுனாக," என்றேன். "பொறவு?" "பொறவும் லேஸ்தான் பின்னுனாக." பெரிய பெரிய ஆட்களை உளற வைத்த அந்தக் கண்களால் என்னை உற்றுப் பார்த்தார். நான் பால்கோவாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒன்ன மாதிரி ஒரு சாட்சி அம்புட்டா கேசு வெளங்கிரும், போ," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆள் வரவில்லை. புளியெல்லாம் உருட்டிப் பானையில் போட்டாயிற்று, பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சித்தி எப்போதும்போல வேலைக்குப் போய் வந்தாள். ஆனால் தெருவில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். அவர் பேசமாட்டார், இவள் இங்கேயே இருப்பாள் என்று நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். அவள் நிமிர்ந்து பார்ப்பதைப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் நிற்காமல் போய்விடும்.

ஒரு சனிக்கிழமைக் காலை வத்திராயிருப்பு வில்வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. தேவசகாயத்தின் அம்மா இறங்கினார். சண்டைக்கு வந்தாலும் வெறுங்கையோடு வரக்கூடாது என்றோ என்னவோ, வண்டிக்காரன் தலையில் ஒரு கூடை மாம்பழம் இருந்தது. அதை இறக்கி வைக்குமுன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"ஏட்டையா, ஒங்க வீட்டுப் பிள்ள எம் மகனுக்கு என்ன மருந்து வச்சா? பெத்த நாளையில இருந்து என்னய எதுத்து ஒரு சொல்லு சொன்னது கிடையாது. நேத்துச் சாப்பாட்டுல உக்காந்துக்கிட்டு, அவ வேலைக்குப் போவா, நீங்க சரின்னு சொல்லணும், இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்ங்கான். பாதிச் சோத்துல எந்திரிச்சிட்டான். ஞானம்மா விசயத்துல நீங்க சொன்னதக் கேட்டேன், இனிக் கேக்க மாட்டேன்ங்கான்! ஏன் இப்பிடிப் பேசுதான்?"

உள்ளேயிருந்து சித்தி வந்தாள்.

"அவியளா அப்பிடிப் பேசுனாக?"

"அவனேதான். ஏன், நாம் பொய் சொல்லுதேனா?"

சித்தியின் முகம் அப்போது இருந்த இருப்பு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. எதிரே அப்படி ஒருவர் கத்திக்கொண்டிருக்க, சிரிப்பை அடக்க முடியாமல் வாயை மூடிக்கொண்டு, "உக்காருங்க அத்த, காப்பி போட்டுக் கொண்டாரேன்," என்று அடுக்களைக்கு ஓடினாள். அந்த அம்மா உட்கார்ந்தார். காப்பி குடித்தார். மாலை வரை இருந்து, பெத்தம்மாவிடம் தன் மகனைப் பற்றி அழுது தீர்த்துவிட்டு, போகும்போது, "வேலைக்குப் போனாலும் பொழுது சாயுமுன்ன வெள்ளன வந்து வெளக்குப் பொருத்தணும், அதச் சொல்லிருங்க," என்றார். அதுதான் சம்மதம்.

அந்த வாரம் சித்தி நாவலை எடுத்து முடித்தாள். காணாமல் போன பெண் சாகவில்லை. மனதுக்குப் பிடித்தவனோடு வேறு தேசம் போயிருந்தாள். பிழைப்புக்கு வேண்டுமே என்று அட்டிகையைக் கொடுத்து அனுப்பியதே பிரபுதான். அவள் பெயர் கெடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். "அப்ப திருட்டே நடக்கலயா?" என்று அப்பா நடையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். குடும்ப வக்கீல்தான் திருடன் என்று அவர் கோடை முழுக்கச் சாதித்துக்கொண்டிருந்தவர். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் கோயிலில் முதல் ஞாயிறு, இரண்டாவது ஞாயிறு. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களோடு வரவில்லை. விடிகாலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். எங்கள் போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். ஆனால் அங்கே வாசித்தார்களா இல்லையா என்பதுதானே கேள்வி? சித்தி மத்தியானம் சாப்பிடவில்லை. அப்பா வெயிலில் வந்து வாசல்படியில் நின்று, தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"வாசிச்சாச்சி," என்றார்.

அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள். அப்பா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சாட்சி சொல்கிறவர் போல நிதானமாகச் சொன்னார்: "பேர வாசிக்கையில அந்தப் பையன் எந்திரிச்சி நின்னான். எல்லாரும் உக்காந்திருக்காக, இவன் மட்டும் நிக்கான். வாசிச்சி முடிக்கிற மட்டும் நின்னான். கோயிலே திரும்பிப் பாத்திச்சி. பொம்பளையாளுக பக்கம் முன்னால இருந்த ஒரு பொண்ணு மட்டும் திரும்பல."

சித்தி உள்ளே போய்விட்டாள். அவள் பின்னாலேயே போன நான், அவள் சுவரைப் பார்த்து அழுததைக் கண்டேன்.

கல்யாணம் நடந்தது. சித்தி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தாள். வெள்ளன வந்து விளக்கும் பொருத்தினாள். மாமியாரோடு சண்டை ஓய்ந்த நாளே கிடையாது. கடைசிக் காலத்தில் அந்த அம்மாவுக்குக் கையும் வாயும் விழுந்துவிட்டபோது, ஊட்டி விட்டதும் சித்திதான். சித்தப்பா அதற்கப்புறமும் அதிகம் பேசுகிறவராகவில்லை. ஞானம்மாள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; லேஸ் பின்னிச் சம்பாதித்து, அண்ணன் மகளுக்கு நல்ல இடத்தில் முடித்துவைத்து, வயதாகித்தான் இறந்தார். சித்தியும் அவரும் கோயில் வாசலில் சந்தித்தால் சுகம் விசாரித்துக்கொள்வார்கள், அதற்கு மேல் சிநேகம் என்று எதுவும் வளரவில்லை.

இப்போது அவர்களில் யாரும் இல்லை. வத்திராயிருப்புத் தோப்பு கைமாறிவிட்டது. நாவல்களில் சில கறையானுக்குப் போயின, சில இரவல் போய்த் திரும்பவில்லை. எங்கள் ராஜபாளையத்து வீடு நின்ற இடத்தில் ஒரு கடை நிற்கிறது. போன மாதம் சித்தியின் மகள்களைப் பார்த்தபோது பேச்சுவாக்கில் அவர்கள் அப்பாவின் முதல் ஓலையைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று நடந்ததாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. ஐம்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள், பெற்ற பிள்ளைகளிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. நானும் அன்று பேச்சை மாற்றிவிட்டேன்.

தெரிந்தவள் என்று மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. இனி இதனால் யாருடைய கல்யாணமும் நிற்கப்போவதில்லை என்று நன்றாக யோசித்த பிறகே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஞானம்மாள் என்பது அவருடைய உண்மையான பெயர் அல்ல.